பழைய செட்டிநாட்டு வீடு பிரிக்கும் ஆட்களுக்கு நச்சுக் கழிவுப் பயிற்சி: எப்படி நடத்துவது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்க ஒப்பந்தம் பேசினால், தேக்கு உத்தரம் எத்தனை கனஅடி, நிலைக்கதவு எத்தனை, ஆத்தங்குடிக் கல் எத்தனை சதுரம் என்று முதல் நாளே கணக்குப் போட்டாகிவிடும். அந்தக் கணக்கில் வராத சரக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறது. கதவிலும் ஜன்னல் கம்பியிலும் ஈயப் பெயிண்ட், கண்ணாடிக்குப் பின்னால் பாதரசம், பின்கட்டுக் கொட்டகையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட், சாமான் அறை மூலையில் பேர் தெரியாத பாட்டில். இவற்றை விலை கேட்டு யாரும் வருவதில்லை. அதனாலேயே இவற்றை எப்படித் தொடுவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை.

இந்த வழிகாட்டி ஒப்பந்தக்காரருக்கும் மேஸ்திரிக்கும், பிரித்த சாமானை வாங்கிச் சீர் செய்யும் பழம்பொருள் பட்டறைக்காரருக்கும். 2016ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படி, கழிவை உண்டாக்குகிறவரே தன் ஆட்களுக்குப் பயிற்சி, உபகரணம், தகவல் மூன்றையும் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் சட்டம் கேட்பது பிறகு. முதலில் கேட்பது ஆளின் நுரையீரலும் நரம்பும்தான்.

யாரை உட்கார வைப்பது, எப்போது

மேஸ்திரி, ஆசாரி, நிமிந்தாள் (எடுபிடி ஆண் ஆள்), சித்தாள், லோடு வண்டி ஓட்டுநர், பழைய இரும்புக் கடையிலிருந்து எடுக்க வரும் பையன், எல்லோரும் வேண்டும். பெரும்பாலும் ஆசாரியையும் மேஸ்திரியையும் மட்டும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உதிர்ந்த பெயிண்டைக் கூட்டி அள்ளுவது சித்தாள். அதிகம் மூச்சில் இழுப்பதும் அவர்தான். அவர் வராத பயிற்சி பாதிப் பயிற்சிகூட இல்லை.

இரண்டு காலை போதும், ஒவ்வொன்றும் ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவர் கையும் பொருளில் பட வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூலி இல்லாத பயிற்சிக்கு ஆள் வரமாட்டார். வந்தாலும் மனம் வேலையில்தான் இருக்கும். மண்டபம் பிடித்துப் படம் போட்டுக் காட்டுவதைவிட, பிரிக்கப்போகும் வீட்டின் திண்ணையிலேயே உட்கார வைப்பது பல மடங்கு நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் பயிற்சி உண்டு, ஆனால் ஈயம், பாதரசம் இருக்கும் வேலை கிடையாது. வேறு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காமல். வேலை நடக்கும் வீட்டுக்குள் குழந்தைகளை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

முதல் நாள் பேச்சு கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மேசையில் உண்மையான பொருள்களை மூடி ஒட்டிய கண்ணாடி டப்பாக்களில் வையுங்கள்: பெயிண்ட் பட்டை, கல்நார் ஷீட் துண்டு, பழைய கண்ணாடியின் மூலை, உடையாத டியூப்லைட், தீர்ந்த இன்வெர்ட்டர் பேட்டரி, பழைய ஃபேனின் கப்பாசிட்டர், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஊறிய காட்டன் வேஸ்ட். பிறகு எல்லோரும் ஒன்றாக வீட்டுக்குள் நடக்க வேண்டும். முகப்பில் தொடங்கி வளவு (நடு முற்றமுள்ள கட்டு), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய், மேசையில் பார்த்ததை வீட்டில் அவர்களே கண்டுபிடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டட்டும். ஒவ்வொரு ரிப்பனுக்கும் ஒரு எண், நோட்டில் ஒரு வரி. இந்த நோட்டுதான் பிறகு எந்தக் கழிவு எவ்வளவு வரும், எத்தனை பை, எத்தனை டிரம் வேண்டும் என்று சொல்லும்.

பெயிண்ட்

வீடுகளுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எதுவாக இருந்தாலும் ஈயம் உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குக் கொடுத்து இல்லை என்று தெரிந்தால் மட்டும் தளர்த்தலாம். ஜன்னல் கம்பியிலும் இரும்பு உத்தரத்திலும் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் ஆரஞ்சுச் சிவப்பாக ஒரு பூச்சு தெரியும். பெரும்பாலும் அது ரெட் லெட், ஈய ஆக்சைடு. அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை என்று வைத்து வேலை செய்யுங்கள்.

தேக்குக் கதவை வாங்குகிறவர் மரம் தெரிய வேண்டும் என்கிறார், உடனே பெயிண்டைச் சுட்டு உரிக்க ப்ளோ லேம்ப் (தீ ஊதும் விளக்கு) வருகிறது. இதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸிலேயே ஈயம் புகையாகத் தொடங்கும்; ப்ளோ லேம்ப்பின் தீ அதைவிட மிகவும் அதிகம். புகை கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு போய் ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டாவது தவறு, காய்ந்த கதவில் உப்புத்தாளோ மெஷினோ போடுவது. மாவு போலப் பறந்து வளவு முழுதும் படிந்துவிடும். அதை விளக்குமாற்றால் கூட்டினால் மறுபடி கிளம்பும்.

சரியான முறை இது. கதவைக் கழற்றி இரண்டு முக்காலிமேல் படுக்க வையுங்கள். அடியில் பாலிதீன் விரிப்பு, சுற்றிலும் ஒன்றரை மீட்டராவது வெளியே நீட்டி, ஓரத்தை மடித்து உயர்த்தி இருக்க வேண்டும். கைத்தெளிப்பானில் தண்ணீரும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும். சோப்பு சேர்த்தால் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊறும். தெளித்து ஐந்து நிமிடம் விட்டுச் சுரண்டுங்கள். பரப்பு வெளுக்கத் தொடங்கினால் காய்கிறது என்று அர்த்தம், திரும்பத் தெளிக்க வேண்டும். முடிந்ததும் பட்டைகளை ஈரத்தோடு அள்ளி, 200 மைக்ரான் பாலிதீன் பையில் பாதிவரை மட்டும் போட்டு, வாயை முறுக்கி மடக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் வையுங்கள். பிறகு விரிப்பையும் தரையையும் சோப்புத் தண்ணீர்த் துணியால் ஒருமுறை, சுத்தத் தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். துடைத்த துணியும் அதே பைக்குத்தான் போகும். வீட்டில் வைத்திருக்கும் வாக்குவம் கிளீனரைக் கொண்டு வராதீர்கள், முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி (நுண்தூசியையும் பிடிப்பது) பொருத்தியது இருந்தால் பயன்படுத்தலாம்.

இந்த ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயத்தை முதல் நாளே காட்டிவிடுங்கள். வளவு முற்றத்தில் விழும் மழைத் தண்ணீர் மூலையில் இருக்கும் தூம்பு வழியாகத்தான் இறங்கும். அது பல வீடுகளில் வீட்டுக் கிணற்றுக்குப் போகும், சில இடங்களில் தெருக் கால்வாய் வழி ஊருணிக்குப் போகும். ஈரமாகச் சுரண்டும் வேலையை வளவில் வைத்துக்கொண்டு, ஈயத் தண்ணீரைத் தூம்பில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களையே கேளுங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து தூம்பில் ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று ஒரு ஆளை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு யாரும் மறக்க மாட்டார்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பையைத் தூம்பில் அழுத்தி, மேலே களிமண் பூசி அடையுங்கள். பாதுகாப்புக்குச் சுரண்டும் வேலையையே முற்றத்தை விட்டு மேற்கூரையுள்ள இடத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. திடீரென்று மழை வந்தாலும் கவலை இல்லை.

ஒரு கருத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் கதவைச் சுரண்டாமல், பாலிதீனில் சுற்றி, ஈயப் பெயிண்ட் இருக்கிறது என்று வாங்குகிறவரிடம் சொல்லி விற்பதே மேல். சுரண்டாத பெயிண்ட் யாரையும் கொல்வதில்லை.

அடுத்தது துண்டு. தோளில் கிடக்கும் துண்டால் கையைத் துடைப்பார்கள், அதே துண்டால் முகத்தைத் துடைப்பார்கள், சாயங்காலம் அதையே தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், பிள்ளை ஓடி வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வேலைத் துண்டும் ஒரு வீட்டுத் துண்டும் வேறு வேறு நிறத்தில் நீங்களே வாங்கிக் கொடுங்கள். வேலை உடையும் வேலைத் துண்டும் தளத்திலேயே தங்கி, தளத்திலேயே துவைபட வேண்டும். பீடி, வெற்றிலை, புகையிலை, டீ எல்லாம் கை, முகம், வாய் கழுவிய பிறகு சுத்தப் பகுதியில் மட்டும். ஈயம் தோல் வழியே போவதைவிட வாய் வழியே போவதுதான் அதிகம்.

தொடர்ந்து இந்த வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை, வேலை தொடங்கும் முன் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வந்தது என்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். வயிற்று வலி, மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு, மணிக்கட்டில் பலம் குறைதல் என்று ஆள் சொன்னால் அடுத்த சோதனைக்குக் காத்திருக்காதீர்கள்.

ரசம்

கண்ணாடியின் பின்பூச்சை நாம் ரசம் என்கிறோம், பூச்சு உதிர்ந்தால் ரசம் போன கண்ணாடி என்கிறோம். பழைய கண்ணாடிகள் சிலவற்றில் இது வெறும் பேச்சு வழக்கு இல்லை. வெள்ளி பூசும் முறை 1835க்குப் பிறகு வந்தது. ஆனாலும் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசும் பழைய முறை 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஓடியது. செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி என்று மாட்டியிருப்பவற்றில் பெரும்பாலானவை வெள்ளி பூசியவையாக இருக்கலாம். சில அப்படி இருக்காது. அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

வெள்ளிக் கண்ணாடியின் முதுகில் பழுப்போ சிவப்போ ஒரு பெயிண்ட் பூச்சு இருக்கும், கெட்டுப்போனால் கறுப்போ பழுப்போ திட்டு விழும். பாதரசக் கண்ணாடியின் முதுகு பெயிண்ட் இல்லாமல் வெறும் சாம்பல் உலோகமாக, டார்ச் அடித்தால் பொடிப்பொடியாக மின்னும். அதன் கீழ் விளிம்பில்தான் அதிகம் கெட்டிருக்கும், பல ஆண்டுகளாகப் பாதரசம் கீழே இறங்கியதால். சட்டத்தின் அடிக்கட்டைப் பள்ளத்தில் கடுகளவு வெள்ளி உருண்டைகள் உட்கார்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட கண்ணாடியைத் தொடும் முன் மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழற்ற வேண்டும். தங்கத்தில் பாதரசம் ஒட்டினால் வெளுத்துவிடும், அதைவிட முக்கியம், அது ஆளோடு வீட்டுக்குப் போய்விடும். கழற்ற மனமில்லாத தாலிக்கொடியை உடைக்குள் போட்டு, மேலே முழு உடை. கண்ணாடியைத் தொங்கிய நிலையிலேயே நிமிர்த்தி இறக்குங்கள். சாய்த்தால், தலைகீழாக்கினால் அடிக்கட்டையில் சேர்ந்தது கொட்டும். அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு. முதுகைத் துடைக்க வேண்டாம், பிரஷ் வேண்டாம். முழுதும் பாலிதீனில் சுற்றி நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

விடியற்காலையில் செய்யுங்கள். 20 டிகிரியில் கிளம்பும் ஆவியைப்போல் 30 டிகிரியில் இரண்டு மடங்குக்கு மேல் கிளம்பும், சித்திரை வெயிலில் நடுப்பகலில் இந்த வேலை கூடாது. பாதரச ஆவிக்கு மணம் கிடையாது. தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. பாதரசத்துக்கென்றே உள்ள, சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட வடிகட்டி வேண்டும். அதையும் மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, போட்ட நேரத்தை அதன்மேலேயே எழுதி வைக்க வேண்டும்.

தரையில் சிந்திவிட்டால்: எல்லோரையும் வெளியேற்றி, தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, உள்கட்டுக் கதவைச் சாத்துங்கள். விளக்குமாறு, வாக்குவம் இரண்டும் உருண்டையை நூறாக உடைத்து ஆவியைப் பெருக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் உருண்டைகள் மின்னும். இரண்டு கெட்டி அட்டைகளால் ஒன்றாகத் தள்ளி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் விடுங்கள். 100 மில்லி பாட்டில் நிறைந்தால் ஒரு கிலோ 350 கிராம் கனம் இருக்கும், மெல்லிய பாட்டில் கைநழுவி உடையும். கடைசித் துளிகளை ஒட்டும் டேப்பால் எடுக்கலாம். ஆத்தங்குடிக் கற்களின் இடுக்கில் இறங்கியது வராது. அங்கே கந்தகத் தூள் தூவி ஒரு நாள் விட்டு, தூளை ஈரத்துணியால் எடுத்து அதே கழிவோடு சேர்க்க வேண்டும். கந்தகம் ஆவியைக் குறைக்கும், முழுதும் நிறுத்தாது. வெளியே போகும்போது எல்லோருடைய செருப்பின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கழற்றிய சட்டத்தை விறகோடு போட்டு எரிக்காதீர்கள். அதே காரணத்துக்காகத்தான் டியூப்லைட்டையும் குப்பையில் போட்டு நொறுக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. வந்த அட்டைக் குழாயிலோ நீளப் பெட்டியிலோ படுக்க வைத்து அப்படியே ஒப்படையுங்கள்.

கல்நார் ஷீட்

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் விதி ஒன்றுதான்: உடைக்காதே, காய விடாதே. ஷீட்டை நனைத்து, போல்ட்டையும் நனைத்துக் கழற்றி, இருவர் பிடித்துக் கையால் இறக்க வேண்டும். துரு பிடித்த போல்ட்டை ஷீட்டோடு உடைக்காமல் போல்ட்டை வெட்டுங்கள். மேலிருந்து எறிதல், டிரில் போடுதல், மெஷின் கட்டர் மூன்றும் தடை. பழைய ஷீட்டின் மேல் நடக்கக் கூடாது, ஆள் உள்ளே விழுந்துவிடும். பலகை போட்டு நடக்க வேண்டும். இறக்கியதை பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டி, தமிழில் பெரிதாக எழுதி வையுங்கள். கல்நாரின் நுண்ணிய நார் மூச்சில் போனதன் விளைவு இருபது முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரியும், அதனால்தான் ஆள் இன்று பயப்பட மாட்டார். பயிற்சி கொடுக்கிறவர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பேர் தெரியாத பாட்டில்

மூன்றாங்கட்டுச் சாமான் அறையில் பித்தளை விளக்கிய ஆசிட், பூச்சி மருந்து டப்பா, சொட்டு மீதியுள்ள தின்னர், ப்ளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாம் ஒன்றாக இருக்கும். திறக்காதே, முகராதே, ஒன்றோடொன்று ஊற்றாதே என்பதை ஒவ்வொரு ஆளும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பூச்சி மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் எடுக்க வைத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது, அதைக் குறிப்பாகத் தடுங்கள்.

நெல் சேமித்த அறையில் சிறு அலுமினியக் குப்பியில் மாத்திரைகள் கிடைத்தால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடாக இருந்தால் ஈரம் பட்டதும் பாஸ்பின் வாயு கிளம்பும்; சிறிய அறையில் அது ஆளைக் கொல்லும். பூண்டு நாற்றமோ மீன் நாற்றமோ வந்தால் எல்லோரும் வெளியே, தீயணைப்புத் துறைக்கு அழைப்பு. தானாகத் துடைக்கப் போகக் கூடாது.

நான்கு தட்டுகள் வையுங்கள்: ஆசிட் ஒன்று, ப்ளீச்சிங் ஒன்று, தின்னர், எண்ணெய் ஒன்று, பூச்சி மருந்து ஒன்று. தட்டுகளுக்கிடையே மூன்று மீட்டராவது இடைவெளி. ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஊகித்து எழுதாதீர்கள். கிடைத்த அறை, தேதி, அளவு, அதோடு ‘தெரியாதது’ என்று எழுதினால் போதும், ஊகம்தான் அடுத்த ஆளை ஏமாற்றும்.

ஆசிட் சிந்தினால் என்ன செய்வது என்பதை இரண்டாம் நாள் செய்முறையாகக் காட்டுங்கள், ஆசிட் இல்லாமல் வினிகரில். முதலில் மணலால் வளையம் போட்டு அடைத்து, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூள் தூவ வேண்டும். ஒரு லிட்டர் பேட்டரி ஆசிட்டுக்கு (அடர்த்தி சுமார் 1.27) சமையல் சோடா என்றால் 800 கிராம், ஈரமில்லாத வாஷிங் சோடா 500 கிராம், நீற்றின சுண்ணாம்புத் தூள் 350 கிராம் தேவைப்படும், கையில் இருப்பு அதைவிட நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும். சுண்ணாம்பு இந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நீற்றினது மட்டும்தான், கற்சுண்ணாம்பு கூடாது. கற்சுண்ணாம்பு தண்ணீரில் கொதிக்கும் கொதியைக் கொத்தனார்கள் பார்த்திருக்கிறார்கள், ஆசிட்டில் அதைவிட மோசமாகத் தெறிக்கும்.

சோடா போட்டதும் நுரைக்கும், நுரை அடங்கினால் முடிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அதை நம்ப முடியாது. ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் ஆசிட் பட்டாலே தாமாக நுரைக்கும். சுண்ணாம்புத் தூள் போட்டால் சில சமயம் நுரையே வராது. பிஹெச் காகிதத்தை (ஆசிட் மீதி இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டுவது) தொட்டுப் பார்த்து 6க்கும் 8க்கும் இடையே வந்த பிறகே அள்ள வேண்டும்.

பட்டறையில்

லின்சீட் ஆயில் துடைத்த காட்டன் வேஸ்ட் தானாகத் தீப்பிடிக்கும் என்று சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு வருகிறது. விரித்த துணியில் அந்தச் சூடு போய்விடும், சுருட்டிக் கூடையில் போட்டால் உள்ளேயே சேரும், சில மணி நேரத்தில், பெரும்பாலும் பட்டறை பூட்டிய பிறகு, புகையும். வேலை முடிந்ததும் வெளியே தரையில் விரித்துக் காய வைக்க வேண்டும், இல்லையேல் தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட வேண்டும்.

பெயிண்ட் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் சாதாரண நைட்ரைல் கையுறை சில நிமிடத்தில் விட்டுவிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்ந்த அறையில் தேங்கும், உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் இந்த வேலை வேண்டாம். பெயிண்ட் உரிக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பித்தளையில் நைட்ரிக் ஆசிட் பட்டுப் பழுப்புப் புகை வந்தால் உடனே வெளியேற வேண்டும். இருமல் நின்று ஆள் நலமாகத் தெரிந்தாலும் ஒரு நாள் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், ஆகவே அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். செம்புக்காக ஒயரை எரிப்பது அறவே கூடாது, கத்தியால் உரித்தால் செம்புக்கு விலையும் கூடும்.

மாட்டுவது, கழற்றுவது

வீட்டையே மூன்றாகப் பிரியுங்கள். வேலை நடக்கும் கட்டு அழுக்குப் பகுதி, அதை ஒட்டிய நடை மாற்றும் பகுதி, முகப்புத் திண்ணை சுத்தப் பகுதி. குடிதண்ணீர், சாப்பாடு, செல்போன் எல்லாம் திண்ணையில். தரையில் சிவப்புப் பட்டை ஒட்டினால் விளக்கம் தேவைப்படாது.

முகக்கவசம் ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்: உள்ளங்கையால் வடிகட்டியை மூடி மெல்ல மூச்சிழுத்தால் கவசம் முகத்தோடு உள்ளே இழுபட்டு நிற்க வேண்டும். தாடி இருந்தால் நிற்காது, இது யாருடைய மரியாதைக் குறைவும் இல்லை என்று பக்குவமாகச் சொல்லிச் சவரத்துக்கோ வேறு வேலைக்கோ வழி செய்யுங்கள். வெயில் காலத்தில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு ஓய்வு, பத்து மணிக்குள் கடின வேலை முடிய வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று ஆள் கவசத்தைக் கழுத்தில் இறக்கிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை, வெக்கை.

கழற்றும் வரிசை: பூட்ஸைத் துடை, மேல் உடையை உள்பக்கம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்று, கையுறை, கடைசியாகத்தான் முகக்கவசம், பிறகு கை, முகம், வாய். சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க மஞ்சள் தூளைவிட நல்ல கருவி இல்லை. கையுறைமேலும் உடைமேலும் மஞ்சள் பூசி, கழற்றச் சொல்லுங்கள். பிறகு மணிக்கட்டு, கழுத்து, காதோரம் பாருங்கள். எங்கே மஞ்சள் ஒட்டியிருக்கிறதோ அங்கே ஈயம் ஒட்டியிருக்கும். மூன்று முறை செய்தால் பெரும்பாலோர் சுத்தமாக வந்துவிடுவார்கள், வராதவரை அழுக்குப் பகுதிக்கு அனுப்பாதீர்கள்.

கழிவு எங்கே போக வேண்டும்

அபாயகரமான கழிவு என்ற வகையில் வருவதை அதிகபட்சம் 90 நாள்தான் வைத்திருக்கலாம். அதே 2016 விதிகளின் எட்டாம் படிவ லேபிள் ஒட்டி, மேற்கூரையும் கசிவு தாங்கும் தொட்டியும் உள்ள இடத்தில் வைத்து, பத்தாம் படிவ ஆவணத்தோடு, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் போடும் முன்பே மாவட்ட அலுவலகத்தில் எந்தக் கழிவு யாரிடம் போகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் கேட்டால் கண்மாய்க் கரையில் கொட்டத் தோன்றும். அதற்கான செலவை வீட்டுக்காரரிடம் பேசும் விலையிலேயே சேர்த்துக்கொள்வதுதான் நேர்மை. பழைய பேட்டரியை ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடைக்குப் போடாமல், முழுதாக விற்பனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அடிபட்டால்

தளத்தில் 100 லிட்டர் சுத்தத் தண்ணீர், குழாய் வைத்த டிரம்மில், வேறெதற்கும் தொடாமல் இருக்க வேண்டும். கண்ணில் ஆசிட்டோ காஸ்டிக்கோ பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். சோடா, பால், எண்ணெய் எதுவும் கண்ணிலும் தோலிலும் போடக் கூடாது. ஒருவர் கழுவ, இன்னொருவர் 108க்கு அழைக்க, மூன்றாமவர் பாட்டிலின் படத்தைச் செல்போனில் எடுத்து ஆளோடு அனுப்ப வேண்டும். யார் எந்த வேலை என்று காலையில் வேலை தொடங்கும் முன்பே பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். வாயு இருக்கும் அறையில் ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் பாய்கிற இரண்டாவது ஆளும் விழுவார். அவரைத் தடுத்து நிறுத்துவதற்கும் ஒருவர் பேர் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

பதிவேடும் மறுபயிற்சியும்

நோட்டில் பேர், தேதி, கற்றுக்கொண்ட வேலை, மஞ்சள் சோதனையின் முடிவு, கையெழுத்து அல்லது கைநாட்டு. ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பயிற்சி, ஒவ்வொரு புது வீட்டுக்கும் ரிப்பன் கட்டும் நடை. நடுவில் புதிதாக ஒரு ஆள் சேர்ந்தால், அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கெனவே படித்த சித்தாளிடமே கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். அவர் விட்டுவிடும் இடம்தான் நீங்கள் சரியாகச் சொல்லாத இடம். அதை மறுநாள் காலை எல்லோருக்கும் மறுபடி காட்டுங்கள்.